கையெழுத்துக்கு என்ன விலை? ஏலத்தில் வாங்கிய ஒரு அஞ்சல் உறையும் சில பாடங்களும்

நான் படித்தது பி.இ., பார்ப்பது மென்பொருள் வேலை. பழைய தாள்களைத் தேடுவது பொழுதுபோக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 18,982 ரூபாய் கொடுத்து ஒரு போலியை வாங்கிய பிறகுதான் சம்பந்தம் புரிந்தது.

வாங்கியது ஒரு முதல் நாள் உறை. 1960 செப்டம்பர் 15 அன்று, சர் எம். விஸ்வேஸ்வரையாவின் நூறாவது பிறந்தநாளில், இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட 15 நயா பைசா அஞ்சல் தலையை வெளியிட்டது. அந்தத் தலை ஒட்டி, அன்றைய முத்திரை குத்தி, பக்கத்திலேயே அவர் கையெழுத்தோடு ஒரு உறை ஏலத்துக்கு வந்தது. செப்டம்பர் 15 பொறியாளர் தினம். படித்ததோ பி.இ. கை சும்மா இருக்குமா? ஏலம் கேட்டேன், கிடைத்தது, மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் அது அவர் போட்ட கையெழுத்து இல்லை என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

கையெழுத்தே தபால் தலையாக இருந்த காலம்

கையெழுத்திட்ட உறை என்றதும் நமக்கு ஒரு பிரபலம் ரசிகருக்குப் போட்டுக் கொடுத்ததுதான் நினைவுக்கு வரும். ஆனால் அஞ்சல் உறையில் கையெழுத்து வந்ததே வேறு காரணத்துக்காக. பிரிட்டனில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இலவசத் தபால் சலுகை இருந்தது. உறுப்பினர் தன் பெயரைக் கடிதத்தின் வெளிப்பக்கத்தில் எழுதினால் போதும், தபால் கட்டணம் கிடையாது. அதாவது கையெழுத்துதான் கட்டணம்.

இலவசம் என்றால் சும்மா விடுவார்களா? நண்பனுக்கு, மச்சானுக்கு, மச்சானின் நண்பனுக்கு என்று உறுப்பினர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அரசாங்கம் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தது. 1764-இல் முகவரி முழுவதையும் உறுப்பினரே தன் கைப்பட எழுத வேண்டும் என்று விதி வந்தது. கையெழுத்தைப் போலி செய்தால் ஏழு வருடம் நாடு கடத்தல். 1784 முதல் எழுதிய ஊரும் முழுத் தேதியும் கூட அவரே எழுத வேண்டும். 1795-இல் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வரம்பு போட்டார்கள். கடைசியில் ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி தபால் வந்ததும் 1840 ஜனவரி 10-ஆம் தேதியோடு இந்தச் சலுகையே முடிந்துபோனது.

சேகரிப்பவர்களுக்கு இதில் பெரிய லாபம். முறைகேட்டைத் தடுக்கப் போட்ட விதிகளால் ஒரே உறையில் ஊர், தேதி, முகவரி, கையெழுத்து எல்லாம் ஒரே ஆளின் கையில் கிடைத்துவிட்டது. விக்டோரியா காலத்தில் இந்த முகப்புகளை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது பெரிய மோகம். அதனால்தான் இன்று ஏலத்துக்கு வரும் பலவற்றில் முன்பக்கம் மட்டும் இருக்கிறது, கடிதம் இல்லை.

நம்ம ஊரிலும் இதன் சாயல் உண்டு. கம்பெனி காலத்து அதிகாரிகளுக்கும் அரசுக் கடிதங்களைக் கட்டணமின்றி அனுப்பும் சலுகை இருந்தது. 1866 ஆகஸ்டில் 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்ட தலைகள் வந்த பிறகும், அரசுப் பணி உறைகளின் இடது கீழ் மூலையில் அனுப்பும் அதிகாரி கையெழுத்திட்டுப் பதவியை எழுதும் வழக்கம் தொடர்ந்தது. பழைய கலெக்டர் அலுவலக உறை எதையாவது பார்த்தால் அந்த மூலையைப் பாருங்கள். உலகத்தில் யாரும் போலி செய்யாத கையெழுத்து அதுதான்.

ஐந்து ரூபாய் கையெழுத்து

சரி, பிரபலங்களுக்கு வருவோம். இந்தியாவில் எல்லோரும் முதலில் தேடுவது காந்தியை. கையெழுத்துக்கு விலை வைத்தவரும் அவர்தான். ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் கையெழுத்து. போகும் இடமெல்லாம் வசூல் நடந்ததால் அவருடைய அசல் கையெழுத்துகள் நிறையவே நாட்டில் இருக்கின்றன. ஆங்கிலத்தில், குஜராத்தியில், இந்தியில் போட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் தமிழ் கற்றவர் என்பதால் தமிழிலும் 'மோ.க.காந்தி' என்று போட்டிருக்கிறார்.

காந்தியின் கையெழுத்தை ஆராய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அவர் இரண்டு கையாலும் எழுதுவார். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகும்போது, 'கில்டோனன் காஸில்' கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதி. வலது கை வலித்தபோது இடது கைக்கு மாறியிருக்கிறார். அப்படி எழுதியவை சுமார் 40 பக்கங்கள். ஆக, அசல் காந்திக்கே இரண்டு கையெழுத்துகள். ஒன்றோடு ஒப்பிட்டு இன்னொன்றைப் போலி என்று சொல்லிவிட்டால் கதை கந்தல்தான்.

காந்தி சம்பந்தப்பட்ட தாள்கள் பெரிய ஏலங்களில் வரும்போது அரசாங்கமே தலையிடுவதும் உண்டு. டால்ஸ்டாய் பண்ணை அமையக் காரணமாக இருந்த ஹெர்மன் காலன்பாக்குக்கு காந்தி எழுதிய கடிதங்கள் 2012-இல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்துக்கு வரவிருந்தன. ஏலத்துக்கு முன்பே இந்திய அரசு மொத்தமாக வாங்கி தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்தது.

முதல் சோதனை: காலண்டர்

பூதக்கண்ணாடி வாங்குவதற்கு முன் காலண்டர் வாங்குங்கள் என்பேன். செலவில்லாத சோதனை இது. இரண்டே கேள்விகள்: அந்தத் தலை என்று வெளியானது? கையெழுத்துப் போட்டவர் அன்று உயிரோடு இருந்தாரா?

காந்தி தலைகள் வெளியானது 1948 ஆகஸ்ட் 15. அவர் மறைந்தது அதே ஆண்டு ஜனவரி 30. எனவே அந்தத் தொகுப்பின் முதல் நாள் உறையில் காந்தி கையெழுத்து இருக்கவே முடியாது. சர் சி.வி. ராமன் மறைந்தது 1970 நவம்பர் 21. தலை வந்தது சரியாக ஒரு வருடம் கழித்து. ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர். தலை 1973 டிசம்பர். காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர். தலை 1976 ஜூலை. அப்துல் கலாம் மறைந்தது 2015 ஜூலை. தலை அதே வருடம் அக்டோபர். இவர்கள் யாரும் தங்கள் படம் போட்ட தலையைப் பார்த்ததே இல்லை. 'கலாம் தலை, கலாம் கையெழுத்து' என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் வேறு உறைகளில் போட்ட கையெழுத்துகள் உண்டு, அது வேறு விஷயம்.

வாழும்போதே தலையில் இடம்பிடித்த இந்தியர்கள் கொஞ்சம் பேர்தான். 1958-இல் தன் நூறாவது பிறந்தநாளில் டி.கே. கார்வே. 1960-இல் விஸ்வேஸ்வரையா. 1967-இல் ராதாகிருஷ்ணன். 1980-இல் அன்னை தெரசா. 2013-இல் சச்சின். இந்த உறைகளில் கையெழுத்துக்கு வாய்ப்பு உண்டு. அதனாலேயே போலிக்கும் வாய்ப்பு உண்டு. விஸ்வேஸ்வரையா 1962 ஏப்ரல் வரை இருந்தார். ஆகவே என் உறை காலண்டர் சோதனையில் பாஸ். நான் அங்கேயே நிறுத்தியதுதான் தப்பு.

இரண்டாவது சோதனை: மை, தாள், கை

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். நான் பார்ப்பவை இவை.

மை தாளுக்குள் இறங்கியிருக்கிறதா? பவுண்டன் பேனா மை தாளின் நார்களில் லேசாகப் பரவும். கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் கருமை கூடும். அச்சடித்த கையெழுத்தில் இது இருக்காது, மொத்தமும் ஒரே அடர்த்தி அல்லது குட்டிக் குட்டிப் புள்ளிகள். ரப்பர் ஸ்டாம்ப் என்றால் ஓரங்களில் மை ஒதுங்கி நடுவில் வெளுத்திருக்கும்.

கோட்டில் வேகம் இருக்கிறதா? தன் பெயரைப் பல்லாயிரம் முறை எழுதியவர் யோசித்து எழுத மாட்டார். பேனா தாளில் இறங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும், எடுக்கும்போதும் ஓடிக்கொண்டே போகும். அதனால் தொடக்கமும் முடிவும் மெலிந்திருக்கும். பார்த்து வரைபவருக்கோ கை தயங்கும். தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும், நடுவில் தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்து வைத்திருப்பார்.

தாள் அந்தக் காலத்ததா? புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர் ரசாயனங்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில்தான். 1930-இல் எழுதிய கடிதம் டார்ச் வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் தாள் பழையதாக இருப்பதால் மட்டும் கையெழுத்து அசலாகிவிடாது. பழைய வெற்று உறைகள் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. என்னுடைய உறையும் தலையும் முத்திரையும் அசல்தான். பேனா பட்டது மட்டும் பின்னால்.

மூன்றாவது சோதனை: இயந்திரமா, செயலாளரா?

கையெழுத்து மையால்தான் போடப்பட்டிருக்கிறது, வேகமும் இருக்கிறது, ஆனாலும் அவர் போட்டதில்லை என்பதும் நடக்கும். தினம் நூற்றுக்கணக்கில் கடிதம் வரும் தலைவர்களுக்காகச் செயலாளர்கள் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு இயந்திரமே வைத்தார்கள். ஆட்டோபென் என்று பெயர். ஒரு அச்சைப் பின்பற்றி இயந்திரக் கை நிஜப் பேனாவைப் பிடித்து எழுதும். ஜான் கென்னடி இதை எவ்வளவு பயன்படுத்தினார் என்பதைப் பற்றி மட்டும் சார்லஸ் ஹாமில்டன் 1965-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

நிலவுக்குப் போன விண்வெளி வீரர்களின் கையெழுத்துகளிலும் ஆட்டோபென் சமாச்சாரம் நிறைய. ஆனால் அங்கேயே மிக நம்பகமான ஒரு வகையும் இருக்கிறது. அப்போலோ 11 வீரர்கள் புறப்படுமுன் உறைக் கட்டுகளில் கையெழுத்திட்டு ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1969 ஜூலை 16, ஏவிய அன்றும், ஜூலை 20, நிலவில் இறங்கிய அன்றும் அவற்றில் முத்திரை குத்தப்பட்டது. திரும்பி வராவிட்டால் குடும்பம் விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. சேகரிப்பவர்கள் இதை இன்சூரன்ஸ் உறை என்பார்கள். மூவரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். உறைகள் வீரர்களின் குடும்பங்களிலிருந்து நேராக வெளிவந்ததால் 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மேல். யார் வாங்கினார், யாரிடமிருந்து, அப்புறம் யாரிடம் போனது என்ற சங்கிலி. நிலத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி. மூலப்பத்திரம் பார்க்காமல் நாம் அரை சென்ட் நிலம்கூட வாங்க மாட்டோம். கையெழுத்து விஷயத்தில் மட்டும் 'பார்த்தாலே தெரியுது சார்' என்பதை நம்பிவிடுகிறோம்.

ஏலக் கணக்கு

புதிதாக வருபவர்கள் சறுக்குவது கணக்கில். நான் கேட்ட விலை 16,000. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம், 2,400. கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 432. கூரியர் 150. மொத்தம் 18,982. கமிஷன் ஏலத்துக்கு ஏலம் மாறும், சிலர் பொருளின் மீதும் வரி போடுவார்கள், வெளிநாடு என்றால் கமிஷன் இன்னும் கூடும், சுங்கமும் சேரும். எனவே மனதில் நினைத்த தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குமேல் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. முன்கூட்டியே உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது. நேரலையில் உட்கார்ந்தால் எதிரில் ஏலம் கேட்கும் முகம் தெரியாத மனிதர் ஜென்ம விரோதி ஆகிவிடுவார்.

அதைவிட முக்கியம், பட்டியலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகள். எனக்கு விற்ற ஏலத்தில் 'பொருள் உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. சந்தேகம் இருந்தால் ஏழு நாளில் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வர மூன்று மாதம் ஆனது.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-இல் இயற்றப்பட்ட தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வருடம் தாண்டினால் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டனில் வாங்கி இங்கே கொண்டுவந்து, நாளைக்கு நல்ல விலைக்கு மறுபடி லண்டனில் விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடவும்.

என் உறைக்கு என்ன ஆச்சு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எதையோ தேடி, பழைய ஏலப் பட்டியல் ஒன்றின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் விஸ்வேஸ்வரையா கையெழுத்திட்ட தட்டச்சுக் கடிதம் ஒன்று இருந்தது. 1930-களில் எழுதியது. அட, நம்ம கையெழுத்து மாதிரியே இருக்கே என்று முதலில் சந்தோஷம்தான். ஒப்பிட ஒரு நல்ல மாதிரி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் வேலைப் புத்தி விழித்துக்கொண்டது. இரண்டு படத்தையும் கணினியில் ஏற்றி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றைப் பாதி கண்ணாடியாக்கி இன்னொன்றின் மேல் வைத்தேன். நிரலில் இரண்டு கோப்புகளுக்கு என்ன வித்தியாசம் என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. வித்தியாசம் இல்லை என்று வந்தால் நிம்மதி அடைவோம். அன்றைக்கு வித்தியாசம் இல்லாததுதான் வயிற்றைக் கலக்கியது. வளைவு, இடைவெளி, கடைசி இழுப்பின் நீளம், எல்லாம் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று படிந்தன.

ஒரு மனிதர் இரண்டு முறை அப்படியே கையெழுத்துப் போட முடியாது. வேண்டுமானால் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தைப் பத்து முறை போட்டு, வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பத்தும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், ஆனால் எதுவும் எதன் மேலும் உட்காராது. அப்படியே உட்கார்ந்தால் ஒன்று மற்றொன்றின் நகல்.

எது நகல் என்பதிலும் சந்தேகமில்லை. எழுபது சொச்சம் வயதில் போட்ட கையெழுத்து, கால் நூற்றாண்டு கழித்து நூறு வயதுக் கையில் ஒரு மயிரிழை பிசகாமல் திரும்ப வருமா? லென்ஸை எடுத்துப் பார்த்தேன். மொட்டையான தொடக்கம், தயங்கிய வளைவு, எல்லாம் அங்கேயே இருந்தது. முதல் நாளே இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை.

வீட்டில் சொன்னேன். "அது போலின்னா இன்னொருத்தர் தலையில கட்டிடாதீங்க" என்றாள் மனைவி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த யோசனை வந்திருந்தது. பழக்கமான சேகரிப்பாளர் ஒருவர், விவரம் தெரிந்தே, 12,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "உள்ளது உள்ளபடின்னு போட்டா போதும் சார், எல்லாரும் அப்படித்தான்." எல்லோரும் அப்படித்தான் என்பது உண்மைதான். அதனால்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு முன் அதை வைத்திருந்தவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

விற்கவில்லை. உறையின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் 'தலையும் முத்திரையும் அசல், கையெழுத்து நகல்' என்று எழுதினேன். காரணங்களையும் இரண்டு படங்களையும் ஒரு பக்கத்தில் அச்சடித்து, அதே மைலார் உறைக்குள் வைத்திருக்கிறேன். நான் இல்லாத காலத்தில் என் மகள் அலமாரியைத் திறந்து, அப்பா வைத்துவிட்டுப் போனது என்று நம்பி யாருக்கும் விற்றுவிடக் கூடாது, அல்லவா?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. காந்தியிலும் நேருவிலும் தொடங்காதீர்கள். போலி செய்தால் லாபமில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பிறகு நான் வாங்கியது 200 ரூபாய்க்கு ஒரு அரசுப் பணி உறை. இடது கீழ் மூலையில் யாரோ ஒரு தாசில்தாரின் கையெழுத்து. அவர் பெயரை இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை. ஆனால் கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸை வைத்து அதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும், போலி அப்புறம் தானாகத் தெரியும்.